நூற்றுப் பன்னிரண்டு டெசிபல்

செல்லூரில் எங்கள் சந்துக்குள்
பதினாறு விசைத்தறிகள். இரண்டு ஷிப்ட்.
பேச்செல்லாம் வாயசைவுதான்.
பால்காரருக்கு விரல் காட்டுகிறோம்.
சண்டையைக்கூட
சாப்பாட்டு நேரத்துக்கு ஒத்திப்போடுகிறோம்.

இங்கே உட்கார்ந்துதான்
ஒரு கன்வெர்ட்டர் சிப்பின் டேட்டாஷீட்டை
இருபத்தேழாம் பக்கம்வரை படித்தேன்.
இசைக்கும் இரைச்சலுக்கும் நடுவே
நூற்றுப் பன்னிரண்டு டெசிபல் தூரமாம்.
"அம்புட்டுத் தூரம் எதுக்கு மதினி,
யானைக்கல் பாலத்தைத் தாண்டினாலே
சத்தம் கொறைஞ்சிரும்ல" என்றான் பிரபுராம்.

எனக்கு வேண்டியது ஒரு மூச்சு.
பேர் தெரியாத யாரோ ஊதிய புல்லாங்குழல்.
நாற்பத்தோராவது நொடியில்
அவர் மூச்சிழுப்பது கேட்கும் என்று
பதிவை அனுப்பிய ஹெலன் சத்தியம் செய்தாள்.
என் போனில் அந்த இடத்தில்
ஒன்றுமில்லை.

கன்வெர்ட்டர் சீக்கிரம் முடிவாயிற்று.
ஊதாப் பலகையில் கடுகளவு ஒட்டியே வந்தது.
ஆம்ப்ளிஃபயர்தான் மூன்று வாரம் இழுத்தது.
ஒன்றுக்குப் ப்ளஸ்ஸும் வேண்டும், மைனஸும் வேண்டும்,
சம்பந்தி வீடுகள் மாதிரி
இரண்டு பக்கமும் ஒரு குறை இல்லாமல்.
அதற்கொரு டிரான்ஸ்ஃபார்மர்,
தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.
இன்னொன்று டி கிளாஸ்:
சுடாது, பேட்டரியைத் தின்னாது,
இசையைப் பொடிப்பொடியாய் வெட்டி
மறுபடி ஒட்டிக் கொடுக்கும்.
நன்றாகத்தான் இருக்குமாம்.
தறிக்கணக்கு எழுதுகிறவள் நான்,
ஒட்டுப்போட்ட துண்டை
முதல் தரத்தில் சேர்க்க மனசு வரவில்லை.

கடைசியில் பதினைந்து கால் பழைய 7297.
பன்னிரண்டு வோல்ட் போதும்,
யுபிஎஸ் பேட்டரி வீட்டிலேயே இருக்கிறது.
டவுன்ஹால் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே,
சட்டைப் பெட்டி அகலத்தில் அஜ்மல் கடை.
"ஒரிஜினல்தானே?"
"ஒரிஜினலை விட ஒரிஜினல்க்கா."

திங்கள் இரவு
கடைசிக் காலையும் ஈயம் வைத்து முடித்தேன்.
சுத்தமாகக் கேட்டது.
அதாவது, ஒரு குறையும்
காதில் விழவில்லை.

வியாழன், மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
பதினாறு தறியும்
பாதி இழையில் நின்றன.
சந்தில் ஒரு குழந்தை இருமியது,
அது யார் வீட்டுக் குழந்தை என்றுகூடத் தெரிந்தது.
ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டேன்.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று
பாட்டுக்கு முன்னாலேயே ஒரு சத்தம்,
யாரோ ஓயாமல் அப்பளம் பொரிப்பதுபோல்.
நாற்பதாவது நொடி, அப்பளம்.
நாற்பத்தொன்று, அப்பளம்.

பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு
சிப்பின் நெற்றியைத் துடைத்தேன்.
7297 கறுப்பாகப் பஞ்சில் வந்துவிட்டது.
அடியில் மங்கலாக 7266.
கால்கள் அதே கால்கள், வாட் மட்டும் பாதி.
ஏதோ பழைய டிவியில்
நாடகம் நாடகமாய்ப் பேசித் தீர்த்துவிட்டு
இங்கே வந்திருக்கிறது, வேறு பெயரில்.
வேலைக்காகப் பெயர் மாற்றிக்கொண்டவர்களை
எங்கள் தறிக்கொட்டகையிலும் எனக்குத் தெரியும்.
திட்ட வந்த வாய் திட்டவில்லை.
அஜ்மலைத் திட்டியது, அது வேறு.

பிறகு ஒன்று தோன்றியது.
ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு
கன்வெர்ட்டரின் வாயிலேயே
ஹெட்போனைச் சொருகினேன்.
எறும்பு பேசுகிற அளவுதான் ஒலி.
கண்ணை மூடி எண்ணினேன்.
முப்பத்தொன்பது. நாற்பது.

இழுத்தார்.
சின்னதாக, மூக்கில் லேசாய்ச் சளி இருந்ததுபோல.

மறுபடி போட்டேன். மறுபடி.
ஹெலனுக்கு "சளி" என்று மட்டும் அனுப்பினேன்.
ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும்
தறிகள் விட்ட இழையிலிருந்து பிடித்தன,
மூச்சு போயிற்று, அப்பளமும் போயிற்று.

சிப்பை மாற்றவில்லை இன்னும்.
வெள்ளை ஸ்டிக்கரில் அதன் சொந்த எண்ணை எழுதி
நெற்றியில் ஒட்டியிருக்கிறேன்.
காலையில் பேப்பர் வந்தால் முதலில் பார்ப்பது
'நாளைய மின்தடை' கட்டத்தை.
செல்லூர் இல்லை என்றால்
கொஞ்சம் ஏமாற்றம்.